பிலோமி அக்கா வலது கையால் வரைந்த சிலுவை

ஜெபாவுக்கும் பிரைட்டுக்கும் அப்பா எழுதுவது.

நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் என்னைக் கேலி செய்வீர்கள். அப்பா கண்ணாடி முன்னால் நின்று சிலுவை அடையாளம் வரைகிறார், அதுவும் நெற்றியில் நிறுத்தி, நெஞ்சில் நிறுத்தி, இடது தோளில் நிறுத்தி, வலது தோளில் நிறுத்தி, டிரில் மாஸ்டர் மாதிரி. நம் சபையில் யாரும் அப்படி வரைவதில்லை, கத்தோலிக்கர்கள்தான் வரைவார்கள். ஒரு நாள் சன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்ட நம் போதகர் உங்கள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம்: "சாமுவேல் ஆர்.சி.யில சேந்தாச்சா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே." அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். நானும் அப்போது விளக்கவில்லை. இப்போது விளக்குகிறேன், ஏனென்றால் போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வந்தது.

பேசியது பிசியோதெரபியில் புதிதாகச் சேர்ந்த பெண். "சார், பழைய தோள் ஆப்பரேஷன் தாள் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துறோம். பிரிண்ட்ல பதினாலு கேள்வி இருக்கு. அடியில பேனாவால பதினஞ்சாவதா ஒண்ணு எழுதியிருக்கு. உங்க கையெழுத்துண்ணு சொன்னாவ. 'குருசு வரைய முடியுதா, ஒத்தக் கையாலயா'ண்ணு. இத எந்தக் கட்டத்தில போட?"

அடுப்பில் சாயாவை வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் அவளிடம் பேசினேன். பாத்திரம் கருகிப்போனது. அதற்கு அம்மா இன்னும் பேசுகிறாள். ஆனால் அவளிடம் சொன்னதை உங்களிடம் ஒரு நாளும் முழுசாகச் சொன்னதில்லை என்று அப்புறம்தான் தோன்றியது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆஸ்பத்திரியில் முதலில் மாவுக்கட்டு கலக்குகிற வேலை. பிறகு கட்டு போடுகிற வேலை. பிறகு உள்ளேயே ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, ஆப்பரேஷன் முடிந்தவர்களுக்குக் கைகால் பயிற்சி செய்விக்கிற உதவியாளாக ஆக்கினார்கள். என் ஆயுதம் ஒரு பிளாஸ்டிக் அளவுகோல். நீங்கள் கணக்குப் பெட்டியில் வைத்திருந்த கோணமானிக்கு இரண்டு நீளக் கால் முளைத்தது போல இருக்கும். கை எத்தனை பாகை உயர்கிறது, எத்தனை பாகை திரும்புகிறது என்று அளந்து எழுதுவேன். அதை வாங்கித் தந்தவர் ஆபிரகாம் டாக்டர்.

அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், நம் சபைதான். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டு, அவர்கள் கண்ணுக்குக் கீழே உட்கார்ந்துதான் பேசுவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்தப் பக்கம் சரிஞ்சு கெடந்து ஒறங்குவிய?" எங்களைத் திட்டவும் மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டின் நுனியில் துடைத்துக்கொண்டே, "சாமுவேலே, வாரும், ஒரு சாயா குடிப்போம்" என்பார். அந்தச் சாயா கிடைத்தால் பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தம். பதினெட்டு வருடத்தில் அது எனக்கு இரண்டு தடவை கிடைத்தது.

சுனாமி வந்து போன மறுவருடம் அவர் தோள்மூட்டு மாற்றுகிற ஆப்பரேஷனைத் தொடங்கினார். இடுப்பும் முழங்காலும் மாற்றி எங்களுக்குப் பழக்கம். தோள் புதிது. எனக்கு அப்போது இருந்த பரபரப்பைச் சொல்ல முடியாது. முதல் பெட்டி வந்து இறங்கிய அன்று செயற்கை மூட்டைத் திறந்து காட்டினார்கள். பளபளவென்று அரைப்பந்து, அடியில் ஒரு தண்டு. நான் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர மனசில்லாமல் நின்றேன்.

தோள் எப்படி இருக்கும் என்று கேட்டால், சாயா சாசரின் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை நிறுத்தி வைத்தது போல. சாசர் சின்னது, பழம் பெரியது. பழம் உருண்டு விழாமல் சுற்றிலும் தசைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முடக்குவாதம் வந்தவர்களுக்குப் பழமும் சாசரும் அரிக்கப்படுவதோடு நிற்காது. பிடித்திருக்கிற தசையும் பழைய லுங்கி போல நைந்துவிடும். எலும்பு நனைந்த ரஸ்க் மாதிரி. அதனால் மூட்டை மாற்றினாலும் அவர்களுக்குக் கை எவ்வளவு உயரும் என்று சொல்ல முடியாது. டாக்டர் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "வலி போவும்ணு நோயாளிக்கு வாக்குக் குடுக்கலாம். கை ஒசரும்ணு வாக்குக் குடுக்கப்பிடாது."

முதல் சாயா எனக்குக் கிடைத்தது கருங்கல் ஊரிலிருந்து வந்த ஓர் ஆசிரியையின் விஷயத்தில். ஆறு மாதச் சோதனைக்கு வந்தவர், கையால் என்னென்ன செய்ய முடிகிறது என்று கேட்கிற அச்சுத் தாளின் பதினாலு கேள்விக்கும் "நல்ல சொகம் உண்டு" என்று பதில் சொன்னார். எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். வெளியே மழை. அந்த அம்மா ஆப்பரேஷன் செய்த கையால் குடையை விரிக்க முடியாமல் வாசலில் நிற்பதை டாக்டரே பார்த்துவிட்டார். சாயா குடிக்கும்போது சொன்னார்: "நம்ம ஆளுவ டாக்டருக்க மனசு நோவக்கூடாதுண்ணு சொகம்ணு சொல்லுவாவ. எனக்கு முன்ன வச்சு கேக்காதேயும். வீட்டில போய்ப் பாரும்." அன்றிலிருந்து வீடு வீடாகப் போய் அளப்பது என் வழக்கமானது. அந்த வழக்கம்தான் என்னைப் பிலோமி அக்கா வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

பிலோமி அக்கா குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். தலையில் மீன் வட்டியோடு, அதாவது கூடையோடு, இரணியல் வரை நடந்து விற்றவள். வாதம் வந்து நாலு வருடமாகச் சந்தைக்குப் போகவில்லை. இரண்டு தோளும் போயிருந்தது, வலது ரொம்ப மோசம். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எந்தப் பக்கமும் இல்ல சாரே. செவுத்தில சாஞ்சு இருந்தாக்கும் ஒறக்கம்" என்றாள் அக்கா.

"நாலு வருசமா நானும் அந்தச் செவுத்துக்குக் காவல்" என்றார் அவள் கணவர் சூசை அண்ணன்.

"கேட்டாரா ஒம்மகிட்ட?" என்றாள் அக்கா.

டாக்டர் வலிக்கு வாக்குக் கொடுத்தார், உயரத்துக்குக் கொடுக்கவில்லை. அப்போது வார்டுக்கு வெளியே இதே நோயுள்ள இன்னும் நாலு பெண்கள் முடிவு செய்யாமல் காத்திருந்தார்கள். நாலு பேரும் அக்காவுக்குத் தெரிந்தவர்கள். இவளுக்கு நன்றாக வந்தால் செய்துகொள்வோம், இல்லையென்றால் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அக்காவும் அப்படித்தான்: "இது செரியானா மத்த தோளும். இல்லெங்கி செவுரே போதும்."

ஆப்பரேஷனுக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். கையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. தோளுக்கு உள்ளே போக முன்பக்கத்தில் ஒரு தசை வழியை மறிக்கிறது. அதைக் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைக் கழற்றி ஓரமாக வைத்து, உள்ளே வேலையை முடித்து, வெளியே வரும்போது எலும்பில் துளை போட்டுத் தடித்த நூலால் அந்தக் கதவை மறுபடி தைக்க வேண்டும். நான் கையை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தேன். "மெதுவா சாமுவேலே, ரஸ்காக்கும்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். தைத்து முடித்ததும் அவரே அக்காவின் கையை மெல்ல வெளியே திருப்பினார். தையல் இறுகுகிற இடத்தில் நிறுத்தி, "இருபது" என்றார். இருபது பாகைக்கு மேல் வெளியே திருப்பக் கூடாது. அந்தத் தசையை அக்கா சொந்தமாக இழுக்கவும் கூடாது. ஆறு வாரம். தையல் விட்டுப்போனால் திரும்பத் தைக்க அங்கே நல்ல தசை மிச்சம் இல்லை. அதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

நான் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். செய்யக்கூடாதவை என்று பதினொரு வரி, என் கையெழுத்தில் கொட்டை கொட்டையாக. தலை சீவக்கூடாது. சேலையைப் பின்னால் சொருகக்கூடாது. வாளி தூக்கக்கூடாது. அந்தக் கையை ஊன்றி எழும்பக்கூடாது. தூளியிலிருந்து, அதாவது கழுத்தில் தொங்குகிற கைக்கட்டிலிருந்து, பயிற்சிக்கு மட்டும்தான் கையை எடுக்க வேண்டும். பயிற்சியும் முதல் மூன்று வாரம் குனிந்து நின்று கையை ஊஞ்சல் போல ஆட்டுவது மட்டும். அந்தத் தாளில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. டாக்டரே படித்துவிட்டு, "கொள்ளாம்" என்று பாராட்டியிருந்தார்.

மூன்றாம் வாரம் வீட்டுக்குப் போனேன். சுனாமிக்கு அப்புறம் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. தாளைச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். அக்கா படத்தைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி, முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் பன்னிரண்டு. கோயில் மணி அடித்தது. நான் பையிலிருந்து அளவுகோலை எடுத்துக்கொண்டிருக்கிறேன், அக்கா வலது கையைத் தூளியிலிருந்து எடுத்துச் சிலுவை வரைகிறாள். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள்.

ஆறு வாரத்தில் இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது.

"அக்கா, என்ன செய்யுதிய?"

"குருசு வரையியேன்."

"அந்தக் கையாலயா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "பின்னே எந்தக் கையால வரைய?"

"இடது கையால வரையப்பிடாதா?"

"சாரே, அது குருசில்ல" என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

"எத்தன நாளாட்டு வரையுதிய?"

"ஆப்பரேசன் முடிஞ்சு ரெண்டாம் நாள்லேருந்து. மயக்கம் தெளிஞ்சதும் ஆண்டவருக்கு நன்றி சொல்லாண்டாமா?"

"ஒரு நாளைக்கு எத்தன?"

இதற்குச் சூசை அண்ணன் பதில் சொன்னார். "எழும்பும்ப ஒண்ணு. சாயாவுக்கு ஒண்ணு. கஞ்சிக்கு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு. கோயில் மணி மூணு நேரம். செவமாலைக்கு ரெண்டு. இடி இடிச்சா ஒண்ணு. நான் கள்ளம் சொன்னா ஒண்ணு. அதுலதான் கணக்கு கூடிப்போச்சு."

"தாள்ல எல்லாம் எழுதித் தந்தேனே" என்றேன். என் குரல் எனக்கே அழுகை போலக் கேட்டது.

சூசை அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவர் அருகே போனார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். "சீப்பு உண்டு. சேல உண்டு. வாளி உண்டு. குருசு இல்லியே சாரே." திரும்பிக் கேட்டார்: "நீங்க எந்தச் சபை?"

சொன்னேன்.

"அதாக்கும்" என்றார்.

பிள்ளைகளே, இதுதான் என் தப்பு. கடற்கரையில் பாதிப் பேர் நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை செய்கிற காரியம். பிறந்ததிலிருந்து நான் செய்யாததால் என் கண்ணில் படவே இல்லை. சீப்பு தெரிந்தது, வாளி தெரிந்தது, அது தெரியவில்லை. டாக்டரும் நம் சபை என்பதால் அவருக்கும் தெரியவில்லை.

ஆறு வாரம் முடியும்வரை வேண்டாம் அக்கா என்று கெஞ்சினேன். அவள் பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாள். மனசுக்குள் வரைந்தால் போதும், ஆண்டவருக்குக் கணக்கில் வரும் என்று சாமியார் சொன்னாராம்.

திரும்பிப் போய் டாக்டரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "வாரும், ஒரு சாயா குடிப்போம்" என்றார். இரண்டாவது சாயா. பாதி கிளாஸ் ஆனதும் கேட்டார்:

"எப்பிடி வரஞ்சா? கைய எப்பிடித் தூக்குனா?"

"முதுகைத்தான் பாத்தேன் சார்."

"ரெண்டு பேருமா கதவப் பத்தியே பேசுனோம். வீட்டுக்காரி எப்பிடி நடமாடுவாண்ணு கேக்கல்ல" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த மூன்று வாரம் வீட்டில் நான் சிடுசிடுவென்று இருந்தேன், உங்களில் ஒருவரைப் பம்பரத்துக்காக அடித்தேன் என்று நினைக்கிறேன். அது என் மேலேயே இருந்த கோபம்தான், உங்கள் மேல் இல்லை.

ஆறாம் வாரம் அக்கா வந்தாள். காத்திருந்த நாலு பெண்களில் இரண்டு பேர் துணைக்கு வருகிறோம் என்று சொல்லிக் கூடவே வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உள்ளங்கைய வயித்தில வையுங்க. வச்சு உள்ள அமுக்குங்க. கைமுட்டு முன்னால நிக்கணும்."

கதவு பிய்ந்துபோயிருந்தால் அப்படி அமுக்கும்போது முழங்கை பின்னால் சரிந்துவிடும். அதுதான் சோதனை. நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா அமுக்கினாள். முழங்கை முன்னால் நின்றது. டாக்டர் தன் கையை இடையில் கொடுத்து, "இன்னும் அமுக்குங்க" என்றார். நின்றது. மூன்றாம் தடவையும் நின்றது.

"தையல் இருக்கு" என்றார் டாக்டர். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

"நான் மனசிலதானே வரஞ்சேன், கடைசி மூணு வாரம்" என்றாள் அக்கா.

"முன்ன வரஞ்சதக் காட்டுங்க. அதே மாதிரி, கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

அப்போதுதான் நாங்கள் முன்னாலிருந்து பார்த்தோம். அக்காவின் இடது கை வந்து வலது முழங்கையை அடியில் ஏந்தியது, தொட்டில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. இடது கைதான் தூக்கியது. இடது கைதான் நெற்றிக்குக் கொண்டுபோனது, நெஞ்சுக்கு இறக்கியது, அந்தத் தோளுக்கும் இந்தத் தோளுக்கும் கொண்டுபோனது. வலது கை சும்மா கூடவே போய்வந்தது. வாதம் வந்த நாலு வருடமும் வலிக்குப் பயந்து அவள் அப்படித்தான் வரைந்திருக்கிறாள். பின்னாலிருந்து பார்த்தவனுக்கு இடது கை தெரியவில்லை.

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "சாமுவேலே, பாத்தீரா. நாலு எடம். ஒண்ணுகூட வெளிய திரும்பல்ல. தையலத் தொடவே இல்ல. மத்த கை தூக்குது, இது வெறுதே இருக்கு. மூணாம் வாரத்துக்கு மேல நாம சொல்லிக்குடுக்கப் போன எக்சர்சைஸ் இதுவாக்கும். ரெண்டாம் நாள்லேருந்து செஞ்சிருக்கா." பிறகு அக்காவைப் பார்த்து, "ஆனா எங்கிட்ட கேட்டிருக்கணும்" என்றார்.

"குருசு வரைய டாக்டருட்ட கேப்பாவளா?" என்றாள் அக்கா. வாசலில் இருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நாலு ஆப்பரேஷனும் நடக்கும் என்று.

இனி இடது கை இல்லாமல் முயற்சி செய்யலாம் என்றார் டாக்டர். அன்றைக்குத் தனியாக வரைந்தபோது கை நெஞ்சு வரைதான் வந்தது. நெற்றிக்குப் போகாது. மூன்றாம் மாதம் போனேன். கையைத் தூக்க முடிகிற அளவுக்குத் தூக்கி, மீதிக்குத் தலையைக் குனிந்து நெற்றியைக் கைக்குக் கொடுத்தாள். "ஆண்டவருக்க முன்ன குனியதுதானே" என்றாள். நான் ஒவ்வொரு தடவையும் நெற்றிக்கும் விரலுக்கும் இடையில் எத்தனை விரல்கடை என்று அளந்து எழுதினேன். நாலு விரல். மூன்று. ஒன்றரை. பஸ்ஸில் திரும்பும்போது அந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நானும் பழக வேண்டியிருந்தது. எந்தக் கை எங்கே தாங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். போதகர் பார்த்தது அதைத்தான். நம் சபைக்காரர்களுக்குத் தலையைத் தடவுவது, இந்துக்களுக்கு நெற்றியில் திருநீறு பூசுவது என்று ஆளுக்கேற்ப மாற்றிக்கொண்டேன். வேலை ஒன்றுதான்.

ஆனால் உண்மையையும் எழுத வேண்டும். அக்காவின் கை தோளுக்கு மேலே அவ்வளவாக உயரவே இல்லை. அச்சடித்த பதினாலு கேள்வியில் ஒன்று, மேல் தட்டிலிருந்து பொருள் எடுக்க முடிகிறதா. இல்லை. இன்னொன்று, பந்தைத் தலைக்கு மேலே ஓங்கி எறிய முடிகிறதா. "எதுக்கு?" என்று கேட்டாள் அக்கா. இல்லை என்று எழுதினேன். மீன் வட்டியைத் திரும்ப அவள் தூக்கவில்லை. மொத்தம் கூட்டிப் பார்த்தால் சுமார் என்றுதான் வரும். காத்திருந்த நாலு பேரிலும் ஒருத்திக்குக் கை உயர்ந்தது. மூன்று பேருக்கு வலி மட்டும்தான் போனது. இப்போது பழத்தைச் சாசரின் இடத்திலும் சாசரைக் கையிலும் மாற்றி வைக்கிற புது மூட்டு வந்திருக்கிறதாம், நைந்த தசைக்காரர்களுக்கும் கை உயர்கிறதாம். போனில் அந்தப் பெண் சொன்னபோது என்னால் உட்கார முடியவில்லை. ஆனால் அக்கா சரிந்து படுத்து உறங்கினாள். அதற்கு அந்தத் தாளில் ஒரு கேள்வி இருந்தது. சிலுவைக்கு இல்லை. "எழுதிச் சேரும்" என்றார் டாக்டர். பேனாவை எடுத்துப் பதினைந்தாவதாக எழுதினேன்.

மறுவருடம் அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். இடது தோளுக்கு வந்தாள். ஆப்பரேஷன் முடிந்த இரண்டாம் நாள் காலையில் நான் புதுத் தாளோடு வார்டுக்குப் போனேன். சூசை அண்ணன் சாயா வாங்கி வந்து அவள் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடது கை தூளிக்குள் கட்டிக் கிடக்கிறது. முழங்கையை ஏந்த இனி ஆள் இல்லை.

கதவோரத்தில் நின்றுவிட்டேன். அக்கா சாயாவைப் பார்த்தாள். வலது கை தனியாக எழும்பியது. தலை குனியவில்லை. நெற்றி. நெஞ்சு. இடது தோளில் கட்டுக்கு மேலே பட்டும் படாமலும். வலது தோள். பிறகு அதே கையால் கிளாஸை எடுத்தாள்.

சூசை அண்ணன் என் கையிலிருந்த தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்துப் படித்தார். இந்தத் தடவை பன்னிரண்டு வரி இருந்தது. கடைசி வரியை மட்டும் உரக்கப் படித்தார்:

"சிலுவை வரையலாம். வலது கையால்."

"கேட்டியாட்டி, அனுமதி வந்தாச்சு" என்றார்.

"நான் அதுக்கு முன்னயே வரஞ்சாச்சு" என்றாள் அக்கா.